பெட்ரோல் விலையை யார் குறைக்கணும்? அப்புறம், அந்த 39 காசு எங்கே போச்சு?

2021 ஜூலை 19

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 49 காசு. எல்லாரும் டெல்லியைத் திட்டுகிறார்கள். மாநில அரசு வாட் வரியைக் கைவிட்டால் நாளைக் காலையே 80க்குக் கீழே வந்துவிடுமே! 5 ரூபாய் குறைப்போம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை?"

நான் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சண்டை வரும். கடலூர்–புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி பக்கம் மாமா பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார். பதினோரு வருடமாக அங்கே கணக்கு எழுதுவது நான். அதனால் எனக்கு இதில் ஆதாயமும் உண்டு, அடியும் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். 102.49இல் மத்திய அரசின் கலால் வரி 32.90. மாநில வாட் 15 சதவீதமும் அதன் மேல் லிட்டருக்கு 13.02 ரூபாயும். இரண்டும் சேர்ந்து 24 ரூபாய் சொச்சம். மிச்சம் ஏறக்குறைய 45 ரூபாய்தான் எண்ணெய், சுத்திகரிப்பு, லாரி வாடகை, எங்கள் கமிஷன் எல்லாம். ஆக, வாட்டை முழுசாக எடுத்தால் 78க்கு வரும், கேட்டவர் சொன்னது சரி. ஆனால் கலால் வரியை எடுத்தால் 70க்கும் கீழேயே வருமே. பெரிய துண்டை விட்டுவிட்டுச் சின்ன துண்டை மட்டும் கேட்பது ஏன்?

2014இல் கலால் வரி லிட்டருக்கு 9.48. இன்று 32.90. ஏற்றியவர்கள் இறக்கட்டும். என் பதில் அவ்வளவுதான்.

2021 ஜூலை 20

நேற்று எழுதியதில் பங்க்கைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. விலை ஏறியதும் கூட்டம் குறையும் என்று நினைப்பீர்கள். குறையவில்லை. எங்களிடம் வரும் பைக்குகளில் பாதிக்கு மேல் "நூறுக்கு போடுங்க" ரகம். 75 ரூபாய் விற்றபோதும் நூறுக்குத்தான், இப்போதும் நூறுக்குத்தான். அப்போது ஒன்றே கால் லிட்டருக்கு மேல் போனது, இப்போது ஒரு லிட்டர்கூட இல்லை. மறுநாளே திரும்பி வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 100க்குப் பதில் 110க்குப் போட்டால் மெஷினில் ஏமாற்ற முடியாது என்று நம்பும் ஒரு கூட்டமும் உண்டு. 110க்குப் போட்டாலும் அதே மெஷின்தான் ஐயா.

போபாலில் பிப்ரவரியில் பிரீமியம் பெட்ரோல் நூறைத் தொட்டதும், பழைய மெஷின்களில் மூன்று இலக்கம் காட்ட வழியில்லாமல் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். விலை இவ்வளவு ஏறும் என்று அந்த மெஷினைச் செய்தவர்கூட எதிர்பார்க்கவில்லை.

2021 ஜூலை 22

மதுரை நண்பர் ஒருவர் காதைப் பிடித்துத் திருகிவிட்டார். "ஏற்றியவர்கள் இறக்கட்டும் என்கிறீர்களே, 2020 மே 3ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே இரவில் பெட்ரோல் 3.25, டீசல் 2.50 ஏறியதே, அதை ஏற்றியது யார்?"

உண்மை. நான் மறந்தே போனேன். அதற்கு முன் வாட் 34 சதவீதம் என்று நேராக இருந்தது. ஊரடங்கில் கச்சா எண்ணெய் தரையைத் தொட்டதும் சதவீத வரியில் காசு வரவில்லை. உடனே அதிமுக அரசு 15 சதவீதம் + 13.02 என்று மாற்றியது. சென்னையில் 72.28 இருந்தது 75.54 ஆனது. மறந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அன்று பங்க்கில் போர்டு எண்ணை மாற்றியதே நான்தான். மூன்றாவது நாள் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் கலால் ஏற்றியது. அதை எண்ணெய் நிறுவனங்கள் விலை இறக்கத்தில் ஈடுகட்டிக்கொண்டதால் போர்டில் ஒன்றும் மாறவில்லை. போர்டில் மாறாததால் ஜனங்களும் பேசவில்லை. 3 ரூபாய் ஏற்றியவர் திட்டு வாங்கினார், 10 ரூபாய் ஏற்றியவர் தப்பித்தார்.

அந்த ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 20 டாலரை ஒட்டி இருந்தது. உலகத்தில் எண்ணெய் சல்லிசாகக் கிடைத்த சமயத்தில் அதன் பலனைக் கோட்டையும் டெல்லியும் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. முதல் நாள் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்: ஏற்றியவர்கள் இறக்கட்டும். இரண்டு பேரும்.

2021 ஜூலை 24

வழி இருக்கிறது, ஜிஎஸ்டி. கலாலையும் வாட்டையும் எடுத்துவிட்டு 45 ரூபாய்க்கு அதிகபட்ச ஜிஎஸ்டி 28 சதவீதம் போட்டால் 57.60. கதை முடிந்தது. ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை.

(ராமன் இந்தியாவில் 93, சீதையின் நேபாளத்தில் 53, ராவணன் இலங்கையில் 51 என்று சுப்பிரமணியன் சுவாமி போட்ட ட்வீட்டை இங்கே நாலாவது முறையாக ஒட்டியிருக்கிறார்கள். போதும்பா.)

2021 ஆகஸ்ட் 14

நேற்று மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார். சென்னையில் 99.47. அரசுக்கு வருடம் 1,160 கோடி இழப்பு என்கிறார். வாட் இனி 13 சதவீதம் + 11.52. தேர்தல் அறிக்கையில் இருந்தது பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4. கிடைத்தது பெட்ரோலுக்கு 3, டீசலுக்குச் சுழியம். மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனம் இருக்கிறது, உழைக்கிற ஜனங்களுக்குப் போகட்டும் என்ற நியாயம் சொன்னார். நியாயம் சரிதான். டீசல் போடும் லாரிக்காரரும் உழைக்கிற ஜனம்தானே என்று மாமா கேட்டார். அதற்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

பங்க்கில் காலையில் ஒருவர் பேப்பரில் சென்னை விலை 99.47ஐப் பார்த்துவிட்டு, "ரெண்டு இலக்கத்துக்கு வந்துட்டீங்க" என்று சிரித்தார். அப்புறம், நூறுக்குப் போட்டார்.

2021 ஆகஸ்ட் 17

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நேற்று சொன்னது: முந்தைய ஆட்சி எண்ணெய் நிறுவனங்களுக்குக் காசுக்குப் பதில் எண்ணெய்ப் பத்திரம் (கடன் பத்திரம்) கொடுத்து விலையைக் குறைத்துக் காட்டியது, அந்தக் கடனை நாங்கள் அடைக்கிறோம், அதனால் கலால் வரியைக் குறைக்க முடியாது. ஏழு வருடத்தில் வட்டி மட்டும் 70,195 கோடி.

பத்திரம் தந்திரம்தான், அதில் மறுப்பில்லை. நம் பைக்குக்கு நம் பிள்ளை பெட்ரோல் போடுவது மாதிரி. ஆனால் பெட்ரோல், டீசல் கலால் வரி 2019–20இல் 1.78 லட்சம் கோடி, 2020–21இல் 3.35 லட்சம் கோடி என்று இதே அரசுதான் போன மாதம் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரே வருடத்தில் கூடுதலாக வந்ததே ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். பத்திரம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் அடைத்துவிட்டு மீதிக்கு வடையும் வாங்கலாம். கொரோனா செலவு இருக்கிறது என்று நேராகச் சொல்லியிருந்தால் நானே ஆதரித்திருப்பேன்.

2021 செப்டம்பர் 18

ஜூலை 24 அன்று நான் எழுதியதை யாரும் தோண்டி எடுத்துக் கேலி செய்வதற்கு முன் நானே எடுத்துவிடுகிறேன்.

நேற்று லக்னோவில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. கேரள உயர் நீதிமன்றம் சொன்னதற்காகப் பெட்ரோலை ஜிஎஸ்டியில் சேர்க்கும் விஷயத்தை எடுத்தார்கள், இப்போது வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். பாஜக ஆளும் மாநிலம், காங்கிரஸ் ஆளும் மாநிலம், திமுக, இடதுசாரி, எல்லாரும் ஒரே குரலில் "வேண்டாம்". இந்த நாட்டில் இத்தனை ஒற்றுமையை வேறெதிலும் பார்த்ததில்லை.

ஏன் என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 45 ரூபாய்க்கு 28 சதவீதம் 12.60. ஆளுக்குப் பாதி, 6.30. இன்று தமிழ்நாடு வாங்குவது 21 ரூபாய்க்கு மேல், டெல்லி வாங்குவது 32.90. யார் சம்மதிப்பார்கள்? அரசியல் சட்டத்தில் 279ஏ பிரிவிலேயே பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஐந்தையும் எப்போது சேர்ப்பது என்று கவுன்சில் தேதி சொல்லட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி வராது. சேர்த்தாலும் மேலே செஸ் என்று ஒரு கூடுதல் வரி போட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார்கள். 57.60 என்று எழுதிய என் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். பெட்ரோல் போடாதீர்கள், விலை அதிகம்.

2021 நவம்பர் 4, தீபாவளி

ராத்திரி தூங்கவில்லை. நேற்றுச் சாயந்திரம் அறிவிப்பு: கலால் வரி பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 குறைப்பு, இன்று காலை முதல். சென்னையில் பெட்ரோல் 106.66 இருந்தது 101.40, டீசல் 102.59 இருந்தது 91.43.

தீபாவளிக்கு டேங்கர் டிரைவர்கள் வர மாட்டார்கள் என்று நேற்று மதியம்தான் லோடு இறக்கினோம். ராத்திரி டேங்கில் அளவுகோல் விட்டு டிப் எடுத்துப் பார்த்தால் பெட்ரோல் 9,000 லிட்டர், டீசல் 14,000. பழைய விலைக்கு வாங்கியது, புது விலைக்கு விற்க வேண்டும். கால்குலேட்டரில் தட்டினால் இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. பையன்களுக்கு வாங்கிய சரவெடி மூட்டையைக் காட்டி, "இது எதுக்குடா, நேத்தே வெடிச்சாச்சே" என்றார்.

நாட்டுக்கே நல்ல செய்தி, எங்களுக்கு மட்டும் இழவு. எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து.

2021 நவம்பர் 5

ஒரு கணக்கு இடிக்கிறது. கலால் வரி குறைந்தால் அதன் மேல் போடும் வாட் சதவீதமும் தானாகக் குறையும். டீசலுக்கு வாட் 11 சதவீதம். 10 ரூபாய் குறைத்தால் 11.10 குறைய வேண்டும், 11.16 குறைந்திருக்கிறது, சரி. பெட்ரோலுக்கு 13 சதவீதம். 5 ரூபாய்க்கு 5.65 குறைந்திருக்க வேண்டும். 106.66இலிருந்து 101.40 கழித்தால் 5.26.

39 காசு எங்கே?

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். எண்ணெய் நிறுவனங்கள் அதே இரவில், பட்டாசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல், அடிப்படை விலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். லிட்டருக்கு 39 காசு என்றால் நாடு முழுக்க எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

2021 நவம்பர் 9

புதுச்சேரியில் ரங்கசாமி அரசு தன் பங்குக்கு வாட்டை 7 ரூபாய் அளவுக்குக் குறைத்துவிட்டது. அங்கே பெட்ரோல் 95க்குக் கீழே. எங்கள் பங்க்கிலிருந்து முள்ளோடை எல்லை எவ்வளவு தூரம் என்று தெரியாதவர்களுக்கு: ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். இதுவரை "அந்த" விஷயத்துக்காக மட்டும் எல்லை தாண்டியவர்கள் இப்போது குடும்பத்தோடு தாண்டுகிறார்கள். ஐந்து நாளில் பெட்ரோல் விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது.

கோவைக்காரர் ஒருவர் எழுதுகிறார்: "பாருங்கள், புதுச்சேரி வரியைக் குறைத்தது, விற்பனை கூடியது, வருமானம் போகவில்லை. தமிழ்நாடும் அப்படிச் செய்யலாமே." ஐயா, அங்கே கூடிய லிட்டர் எங்கள் டேங்கில் நின்ற லிட்டர். தமிழ்நாடும் குறைத்தால் அவர்கள் யாரிடமிருந்து இழுப்பார்கள்? எல்லாரும் எழுந்து நின்றால் யாருக்குமே மேடை தெரியாது.

2022 ஜனவரி 30

கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆயிற்று, ஒரு காசு அசையவில்லை. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறும் என்றார்கள். அந்த வருடம் மே மாதமே ஐந்து ஊரில் வெள்ளோட்டம் பார்த்தார்கள், அதில் ஒன்று பக்கத்து புதுச்சேரி. தினம் காலை ஆறு மணிக்கு மாற்றுவதற்கு ஆள் வைத்தோம். இப்போது அந்த ஆள் சும்மா இருக்கிறார். உத்தரப்பிரதேசத்தில் தேர்தல். நமக்கும் இது புதிதில்லை: போன வருடம் இங்கே வாக்குப்பதிவு முடியும் வரை ஏறவே இல்லை. மே 2 முடிவு வந்தது, மே 4 ஏற ஆரம்பித்தது.

விலையைக் குறைக்க வழி கேட்டவர்களுக்கு என் யோசனை: மாதம் ஒரு தேர்தல் வையுங்கள்.

2022 மார்ச் 8

உக்ரைன் போர். பிரெண்ட் கச்சா எண்ணெய் நேற்று 139 டாலரைத் தொட்டுத் திரும்பியது. எங்கள் போர்டு நவம்பரில் வைத்த அதே எண். வருகிறவர்கள் எல்லாம் "ஃபுல் டேங்க்". பத்தாம் தேதி வாக்கு எண்ணிக்கை.

2022 மார்ச் 22

ஏறிவிட்டது. 76 காசு. 137 நாள் தூங்கியது எழுந்துவிட்டது.

2022 ஏப்ரல் 7

பதினாறு நாளில் பதினாலு ஏற்றம். சென்னையில் 110.85. தீபாவளி அன்று இரண்டு லட்சம் போச்சு என்று ஒப்பாரி வைத்தேனே, நேர்மையாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். இந்தப் பதினாறு நாளும் பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்றோம். போனதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. மாமா இதை வெளியில் சொல்லாதே என்றார். பெயர் போடாமல்தானே எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 28

நேற்று முதலமைச்சர்களோடு கொரோனா கூட்டத்தில் பிரதமர், நவம்பரில் நாங்கள் குறைத்தோம், தமிழ்நாடு, மகாராஷ்டிரா, மேற்கு வங்கம், கேரளா, தெலங்கானா போன்ற மாநிலங்கள் குறைக்கவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்டார். ஆகஸ்டிலேயே நாங்கள் குறைத்தாயிற்று என்பது இங்கிருந்து போன பதில். இரண்டும் உண்மை. பந்தயத்தில் ஒருவர் மூன்று மாதம் முன்னால் ஓடிவிட்டார், நடுவர் அப்போது விசில் ஊதவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி கலால் வரிக்கு உள்ளே இருக்கிறது. இன்றைய 27.90இல் அடிப்படைக் கலால் 1.40 மட்டும். சிறப்புக் கூடுதல் வரி 11, விவசாய செஸ் 2.50, சாலை செஸ் 13. மாநிலங்களுக்கு 41 சதவீதம் பங்கு என்பது அந்த 1.40இல் மட்டும். அதாவது லிட்டருக்கு 57 காசு, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. செஸ்ஸிலும் சிறப்பு வரியிலும் பங்கு கிடையாது. மாநிலம் வாட்டை விட மறுப்பது இதனால்தான். கோபாலபுரத்துக்காரரோ கமலாலயத்துக்காரரோ, யார் நிதியமைச்சராக உட்கார்ந்தாலும் விட மாட்டார்.

ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு மார்க் போடணும். நவம்பரில் குறைத்த 5 ரூபாய் முழுவதும் செஸ்ஸிலிருந்து எடுத்தது. மாநிலப் பங்கில் கை வைக்கவில்லை.

2022 மே 22

மறுபடியும் குறைப்பு. கலால் வரி பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6. பெட்ரோல் விலை ஒன்பதரை ரூபாய் குறையும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். சென்னையில் 110.85 இருந்தது 102.63. கழித்துப் பாருங்கள், 8.22.

8 ரூபாய்க்கு 13 சதவீதம் சேர்த்தால் 9.04. இந்த முறை 82 காசு காணோம். நவம்பரில் 39, மேயில் 82. திருடன் தைரியசாலி ஆகிவிட்டான்.

(ஸ்டாக்கில் மறுபடி அடி. பழகிவிட்டது. 31ஆம் தேதி பல மாநிலங்களில் டீலர்கள் கொள்முதல் செய்யாமல் இருக்கப்போகிறோம். 2017க்குப் பிறகு கமிஷனை ஏற்றவே இல்லை.)

2022 மே 24

திருடன் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு நாள் மண்டையைக் குடைந்து கடைசியில் எங்கள் டேங்குக்குள்ளேயே விடை கிடைத்தது.

டீசலைப் பார்த்ததில்தான் சந்தேகம் வந்தது. 6 ரூபாய்க்கு 11 சதவீதம் சேர்த்தால் 6.66. சென்னையில் குறைந்தது 100.94இலிருந்து 94.24, அதாவது 6.70. கணக்கு உட்கார்ந்துவிட்டது. நவம்பரிலும் டீசலில் காசு தொலையவில்லை. இரண்டு தடவையும் தொலைந்தது பெட்ரோலில் மட்டும். நிறுவனங்கள் சுரண்டினால் டீசலை ஏன் விட்டுவைக்க வேண்டும்? டீசல்தானே அதிகம் விற்பது.

பெட்ரோலில் இருந்து டீசலில் இல்லாதது என்ன? எத்தனால்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு (கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் சாராயம்) ஜிஎஸ்டி கட்டியாயிற்று என்பதால் கலந்த பிறகு கலால் வரி கிடையாது. கலால் வரி அதிலுள்ள பெட்ரோல் பங்குக்கு மட்டும். அப்படியானால் வரி 8 ரூபாய் குறைந்தாலும், நூற்றுக்கு 9, 10 பங்கு எத்தனால் இருக்கும் லிட்டரில் குறைவது 7.20, 7.30தான். 8.22ஐ 1.13ஆல் வகுத்தால் 7.27. பொருந்துகிறதா? நவம்பரில் 5.26ஐ வகுத்தால் 4.65, அதாவது எத்தனால் 7 சதவீதம். இடையில் கலப்பு கூடியிருக்கிறது, காணாமல் போன காசும் கூடியிருக்கிறது.

வரியே இல்லாத இடத்தில் வரியைக் குறைக்க முடியாதல்லவா! ஆறு மாதம் ஊரைச் சந்தேகப்பட்டேன். மழைக்காலத்தில் தினமும் டிப் ராடில் பேஸ்ட் தடவி, டேங்கில் தண்ணீர் இறங்கி எத்தனாலைப் பிரித்துவிட்டதா என்று பார்க்கிறவனுக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். ஒன்பதரை ரூபாய் என்று அறிவித்தவர்களும் எத்தனாலை மறந்துவிட்டார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

2022 மே 25

"அப்போ ஆறு மாசமா எங்களையும் சேர்த்துக் குழப்பினீங்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆமாம்.

2022 ஜூன் 27

ராவணன் இலங்கையில் 51 ரூபாய் என்று ஒட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நேற்று அங்கே 92 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 470 இலங்கை ரூபாய் ஆகிவிட்டது. காசு இருந்தாலும் பெட்ரோல் இல்லை, நாள்கணக்கில் வரிசை. அரசு எண்ணெய்க் கூட்டுத்தாபனம் நஷ்டத்தைச் சுமந்தபடி குறைந்த விலைக்கு விற்றது, கடைசியில் வாங்கிவர டாலரே இல்லாமல் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து இதைப் படிக்கும் ஒருவர், "அந்த மலிவு விலைக்குத்தான் இப்ப வட்டியோட கட்டுறம்" என்று எழுதினார். அதன் பிறகு யாரும் அந்த ட்வீட்டை ஒட்டவில்லை.

இந்தியா அந்த நிலையில் இல்லை, ஒப்பிடாதீர்கள். ஆனால் விலையை உத்தரவு போட்டு நிறுத்திவைக்கலாம் என்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

2024 மார்ச் 15

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். பெட்ரோல், டீசல் 2 ரூபாய் குறைந்தது. சென்னையில் 102.63 இருந்தது 100.75. (1.88தான். அந்த 12 காசைத் தேடப் போவதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.) மக்களவைத் தேர்தல் தேதி இன்றோ நாளையோ.

உத்தரவு போட்டு நிறுத்திவைக்க முடியாது என்று இலங்கையைக் காட்டி எழுதினேன். இங்கே கிட்டத்தட்ட இரண்டு வருடம் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்த்து 21,000 கோடிக்கு மேல் நஷ்டம். அப்புறம் ரஷ்ய எண்ணெய் மலிவாக வந்தது, கச்சா விலை இறங்கியது, போர்டு மட்டும் இறங்கவில்லை. பழைய நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம் என்றார்கள்.

2024 மே 20

மூன்று நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கும் வந்துவிட்டது. லாபம் ஏறக்குறைய 81,000 கோடி. ஈடுகட்டியாயிற்று என்று நினைக்கிறேன்.

2025 ஏப்ரல் 9

டிரம்ப் வரி அறிவிப்பால் கச்சா எண்ணெய் 65 டாலருக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆசையாகக் கேட்டார்கள், குறையுமா என்று. கலால் வரி 2 ரூபாய் ஏற்றம். போர்டில் மாற்றம் இல்லை, நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும். 2020 மே மாதம் போலவே, போர்டில் மாறாததால் யாரும் பேசவில்லை. சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியதால் அதைத்தான் பேசுகிறார்கள்.

புதுச்சேரியும் வருடத் தொடக்கத்தில் வாட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டது. எங்களுக்குச் சில வண்டிகள் திரும்பி வந்தன. மாமா ரங்கசாமிக்குக் கோயிலில் அர்ச்சனை வைத்தாரா என்று கேட்காதீர்கள்.

2025 ஆகஸ்ட் 20

இப்போது எல்லாம் 20 சதவீத எத்தனால். மைலேஜ் போச்சு என்று தினமும் பங்க்கில் சண்டை, ஏதோ நான்தான் கரும்பைப் பிழிந்து ஊற்றினேன் என்பது போல. "கலப்படம்னா விலையையாவது குறைங்க" என்கிறார்கள். நியாயமான கேள்வி. அமைச்சகமே சொல்லும் பதில், எத்தனால் வாங்கும் விலை சுத்திகரித்த பெட்ரோலின் விலையைவிட அதிகம் என்பது. 2022இல் என் மூளையில் உறைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்: எத்தனால் கூடக் கூட லிட்டரில் கலால் வரி விழும் பங்கு குறைகிறது, ஆனால் அந்த இடத்தில் உட்காருவது இன்னும் விலை கூடிய சரக்கு. வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை.

இனி கலால் வரியை 5 ரூபாய் குறைத்தால் லிட்டரில் தெரியப்போவது 4 ரூபாய் சொச்சம் மட்டும். அடுத்த தேர்தலில் அறிக்கை எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதினால் நல்லது.

2025 செப்டம்பர் 22

இன்று முதல் ஜிஎஸ்டி குறைப்பு. டிவி, சோப்பு, சின்ன கார், பைக் எல்லாம் குறைகிறது. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார் நம் வாடிக்கை, பால்காரர், பழைய ஸ்ப்ளெண்டர். "ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சாமே சார், பெட்ரோல் எவ்வளவு?"

பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி இல்லீங்க என்றேன்.

"வரியே இல்லையா?" முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு.

கலால், வாட், செஸ், 57 காசு, லக்னோ, எத்தனால், எல்லாம் தொண்டை வரை வந்தது. பின்னால் மூன்று வண்டி ஹாரன் அடித்தது. அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேங்க் மூடியைத் திறந்தார்.

"சரி, நூறுக்கு போடுங்க."